மாவலி வளைவில் ஒரு கூத்துக்களம்

அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. விடியற்காலை மூன்று மணிக்கே தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் விளைக்குள் இறங்கிவிடுவார். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும் நாலைந்து எட்டுக்குள் ஒரு மெட்டை முணுமுணுப்பார். வரி பாதி இருக்கும், மீதி வெறும் ராகமாக இழுபடும். மரத்தில் கத்தி வைத்ததும் பாட்டு நின்றுவிடும். பட்டை சீவி, சிரட்டையைத் துடைத்து வைத்துவிட்டு நகர்ந்தால் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கும். இளவட்டமாக இருந்த காலத்தில் கோவில் திருவிழாவில் அவர் ஆடிய தேவசகாயம் பிள்ளை நாட்டுக்கூத்தின் மெட்டு அது. தேவசகாயம் எங்கள் பக்கத்து நட்டாலத்தில் 1712-இல் பிறந்தவர். 1752-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் கதை தாத்தா பாட்டி கதைபோலத்தான்.

களியக்காவிளையில் பிறந்தவர்களுக்கு மேற்படிப்பு என்றால் எல்லை தாண்டுவது. காலையில் வரும் ஆனவண்டியில், அதாவது கேரள அரசுப் பேருந்தில், தொற்றிக்கொண்டால் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகத் திருவனந்தபுரம். ‘மனோன்மணீயம்’ எழுதிய பெ. சுந்தரம் பிள்ளை ஒரு காலத்தில் தத்துவம் கற்பித்த கல்லூரியில்தான் நான் தமிழ் படித்தேன். சுற்றிலும் மலையாளம், வகுப்புக்குள் தமிழ். அங்கே நூலகத்தில் ஈழத்துக் கூத்து பற்றிய ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, நட்டாலத்துத் தேவசகாயத்தின் கதை கடலுக்கு அந்தப் பக்கமும் கூத்தாக ஆடப்பட்டது என்று படித்தேன். சில பக்கங்கள் தள்ளி இன்னொரு செய்தி. மட்டக்களப்பின் வயல்வெளியில் விடியவிடிய ஆடிய கூத்தை ஒரு பேராசிரியர் மலைமேல் இருக்கும் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய், மாணவர்களுக்குச் சதங்கை கட்டி ஆடவைத்தார் என்று இருந்தது. பல்கலைக்கழகத்தின் பெயர் பேராதனை. அப்பா பாடிய பாட்டைப் பாடமாக வைக்கும் கல்லூரி உலகத்தில் ஒன்று இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. அதைப் பார்க்க முப்பத்தைந்து வருடம் ஆயிற்று. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு மார்ச் மாதம் கிளம்பினேன்.

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறிக் கொழும்பில் இறங்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. களியக்காவிளையிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் போகிற நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு. சங்குமுகம் கடற்கரை பின்னால் போனதும் நீலம் மட்டும். கொஞ்ச நேரத்தில் அதே தென்னை, அதே ஓட்டு வீடு, அதே செம்மண். வந்த இடத்துக்கே திரும்பி வந்துவிட்டோமோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். கட்டுநாயக்கவில் இறங்கி 187 ஆம் இலக்கப் பேருந்தைப் பிடித்துக் கோட்டைக்குப் போனேன். ஒவ்வொரு பலகையிலும் சிங்களம், தமிழ், ஆங்கிலம். இரண்டு எழுத்தில் பலகை பார்த்தே வளர்ந்த எனக்கு அது அந்நியமாக இல்லை. சிங்கள எழுத்தின் வளைவுகள் மலையாள எழுத்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம்போலத் தெரிந்தன. ‘புகையிரத நிலையம்’ என்ற பலகையின் கீழே நின்று அந்தச் சொல்லை இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

மறுநாள் காலை உடரட மெனிக்கே. ‘மலைநாட்டுப் பெண்’ என்று பொருள். பதுளை வரை போகிற வண்டி. இரண்டாம் வகுப்பில் ஜன்னலோரம் கிடைத்தது. கம்பஹா வந்ததும் நான் எழுந்து கதவருகே போய் நின்றேன். வண்டியில் வேறு யாருக்கும் அந்த ஊர் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. எனக்கு அது பெரிய இடம். 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் காட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தது கொஞ்சம்தான். அதில் ஏறத்தாழ 1,900 நாற்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்குக் கப்பலேறின. அவற்றை வைத்துப் பார்க்க இடம் கொடுத்தது கம்பஹாவில் இருக்கும் ஹெனரத்கொடத் தோட்டம். நம் பக்கத்து ரப்பர் எல்லாம் அந்த விதையின் வழிவந்தவைதான். குலசேகரம், அருமனை, களியல் என்று எங்கள் மேட்டுப்புறம் முழுக்க நிற்கும் மரங்களின் பாட்டன் வீடு அந்தத் தென்னந்தோப்புகளுக்கு அப்பால் எங்கோ இருந்தது. அப்பாவின் உள்ளங்கை ஞாபகம் வந்தது. ஒட்டுப்பால் உருட்டி உருட்டி அவர் விரலிடுக்கில் ஒரு கறுப்புக் கோடு கடைசி வரை போகவே இல்லை.

பொல்காவலை தாண்டும்போது இறால் வடைக்காரர் வந்தார். பருப்பு வடையின் நடுவில் தலையோடு ஒரு இறால் குந்தியிருக்கும். காகிதத்தில் சுற்றி, வெங்காயமும் மிளகாயும் தூவித் தந்தார். அதைத் தின்று முடிப்பதற்குள் றம்புக்கணை வந்துவிட்டது.

இந்தப் பயணத்தில் என் வாயை அடைத்துப்போட்ட இடம் றம்புக்கணைக்கு அப்பால்தான். அங்கேயிருந்து கடுகண்ணாவை வரை பாதை ஏறக்குறைய 45 அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் ஏறுகிறது. வண்டி மூச்சு வாங்கும். சத்தம் மாறும். ஒரு பக்கம் கையை நீட்டினால் பாறை, பாறையில் ஈரம், ஈரத்தில் பாசியும் பன்னமும். மறுபக்கம் ஒன்றுமே இல்லை. கீழே பள்ளத்தாக்கில் வயல்கள் பச்சைத் துண்டுகளாகக் கிடக்கின்றன. தூரத்தில் பத்தலேகல என்ற தட்டையான மலை, திறந்து வைத்த பெரிய புத்தகம்போல. வெள்ளைக்காரர்கள் அதற்கு வைத்த பெயரே ‘பைபிள் பாறை’. சுரங்கத்துக்குள் நுழைகிறபோது பெட்டி முழுக்கப் பிள்ளைகள் கூவுகிறார்கள். வெளியே வந்தால் அதே பள்ளத்தாக்கு இன்னும் ஆழமாக. வளைவில் எட்டிப் பார்த்தால் முன்னால் போகிற எஞ்சின் நமக்கு எதிரே வருவதுபோல் தெரியும். பலன நிலையத்தில் வண்டி நின்றபோது காற்று மாறியிருந்தது. கொழும்பின் உப்புப் பிசுபிசுப்பு போய், குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறை ஏறும்போது முகத்தில் படுமே, அந்தக் குளிர்.

கண்டி வரை இந்தப் பாதை 1867-இல் எட்டியது. போட்டது காப்பிக்காக. மலையில் விளைந்த காப்பிக் கொட்டை மாட்டு வண்டியில் நாள்கணக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. தோட்டக்காரர்களுக்கு ரயில் தேவைப்பட்டது. பாதை வந்து இரண்டு வருடத்தில் காப்பி இலையில் துரு நோய் கண்டது. அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் காப்பி அழிந்து தேயிலை வந்தது. பயிர் மாறினாலும் கொழுந்து பறிக்க வந்த கை மாறவில்லை. இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி என்று நம் சீமைகளிலிருந்து மன்னார் வழியே காட்டுப்பாதையில் நடந்து வந்தவர்களின் கை அது. வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கு இல்லை.

பேராதனைச் சந்தியில் இறங்கி, கண்டிப் பக்கம் போகும் சின்ன வண்டிக்கு மாறினேன். கொஞ்ச தூரத்திலேயே ஒரு சிறிய நிறுத்தம். பெயர்ப்பலகையில் ‘சரசவி உயன’. என்னை அழைத்துப்போக வந்திருந்த மாணவர்தான் பொருள் சொன்னார். சரசவி என்றால் சரஸ்வதி. சிங்களத்தில் பல்கலைக்கழகத்துக்கே அந்தப் பெயர்தான் வழங்குகிறது. உயன என்பது உத்தியானம். ஆக, ஊர்ப்பெயரே கலைமகள் பூங்கா. மட்டக்களப்புப் பிள்ளை அவர், தமிழ்த்துறையில் மூன்றாம் வருடம். எனக்குத் தெரிந்த ஒருவர் மூலம் தொடர்பு கிடைத்திருந்தது. பையை வாங்கிக்கொண்டு, “வாங்க டீச்சர், மழ வரப்போகுது” என்றார். எங்கள் ஊரிலும் வாத்தியாரம்மாவை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஒரு சொல்லில் பாதிக் களைப்பு போய்விட்டது.

பல்கலைக்கழகத்துக்கு வாசல் என்று ஒன்றைத் தேடினேன். மதிலும் வளைவும் கண்ணில் படவில்லை. கலஹா வீதி என்ற பொதுச்சாலை வளாகத்தின் நடுவே போகிறது; பேருந்தும் முச்சக்கர வண்டியும் மாணவரும் அதில்தான். ஒரு பக்கம் மாவலி கங்கை, இலங்கையின் மிக நீண்ட ஆறு, 335 கிலோமீட்டர். மறுபக்கம் ஹந்தானை மலைத்தொடர், பாதி மேகத்துக்குள். நடுவே ஏறக்குறைய 700 ஹெக்டேர் நிலத்தில் கட்டடங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, மரங்களுக்குப் பின்னால் மரியாதையாக நிற்கின்றன. எந்தக் கட்டடமும் மலையை மறைக்கவில்லை. மார்ச்சில் ரோபரோசியா பூக்கும். சாலையோரம் முழுக்க இளஞ்சிவப்பு. மழை விழுந்த ஒவ்வொரு தடவையும் தார் தெரியாமல் பூ மூடிவிடும். அதை மிதிக்க மனசு வராமல் ஓரமாக நடந்தேன்.

இந்த இடத்தைப் பிடிக்க அவர்கள் பட்ட பாடு பெரிது. இலங்கைக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906-இலேயே சங்கம் வைத்துக் குரல் கொடுத்தவர்களில் முதல்வர் பொன்னம்பலம் அருணாசலம். கொழும்பா கண்டியா என்ற சண்டையில் வருடக்கணக்கில் காலம் போனது. 1942-இல் கொழும்பிலேயே பல்கலைக்கழகம் தொடங்கியது. சுவாமி விபுலானந்தர் அதில் தமிழ்ப் பேராசிரியரானார். முதல் துணைவேந்தர் ஐவர் ஜென்னிங்ஸ். மாணவர்கள் எல்லாரும் தங்கிப் படிக்க வேண்டும், கூடி வாழ்வதும் படிப்புதான் என்ற எண்ணம் அவருக்கு. லண்டன் நகரத்துக்குத் திட்டம் போட்ட பேட்ரிக் அபர்குரோம்பியும் கிளிஃபோர்ட் ஹாலிடேயும் வரைபடம் தந்தார்கள். அதைக் கல்லாக்கியவர் ஷேர்லி த அல்விஸ். 1952-இல் பல்கலைக்கழகம் மலையேறியது. அந்த வருடமே அல்விஸ் இறந்துபோனார். செனட் கட்டடத்தின் கீழே நின்று பார்த்தேன். சுவரில்லாத திறந்த மண்டபம், கண்டி அரசர்களின் கொலுமண்டபம்போல வரிசையாகத் தூண்கள், தூணில் வேலைப்பாடு. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் ஆற்றை நோக்கிப் போகிறது. தூணைத் தொட்டால் குளிர்ச்சி. பத்மநாபபுரம் அரண்மனையின் திறந்த முன்கட்டுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கட்டுமானம் உடனே புரியும்: வெயிலையும் மழையையும் அறிந்தவன் கட்டியது.

விடுதிகளின் பெயர்களைக் கேட்டுக்கொண்டே நடந்தேன். அருணாசலம், இராமநாதன், ஜயதிலக, அக்பர், சங்கமித்தா, ஹில்டா ஒபேசேகர, மார்ஸ். ஒரு ஊரின் எல்லா வீட்டுப் பெயர்களையும் ஒரே தெருவில் வைத்ததுபோல. இலவசக் கல்வி 1945-இல் வந்தபிறகு, கூலி வேலை செய்பவர் பிள்ளையும் இந்த மண்டபங்களில் வந்து தங்கினார். என் கூட வந்த மாணவரின் அப்பா வயல் கூலி. “இங்க வந்த முதல் கிழம ராவெல்லாம் எனக்கு நித்திர வரல்ல டீச்சர், இவ்வளவு அழகா இருக்கே எண்டு” என்றார். அந்த வாக்கியத்தை அவர் வெட்கத்தோடு சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மதியம் ஒரு சின்னக் கடையில் சோறு. பருப்பு, தேங்காய்ச் சம்பல், ‘பொலஸ்’ என்று ஒரு கறி. வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது, நம் இடிச்சக்கை! கறுவாப்பட்டையும் வறுத்த மசாலாவும் போட்டுக் கறுப்பாகச் சமைத்திருந்தார்கள். கடைக்கார அம்மாவிடம் எங்கள் ஊரில் தேங்காய் அரைத்து வைப்போம் என்றேன். மாணவர் சிங்களத்தில் சொன்னார். அந்த அம்மா இன்னொரு கரண்டி வைத்துவிட்டுப் போனார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பொறியியல் பீடம். அக்பர் விடுதிக்கருகே ஒரு நடைபாலம் மாவலியைத் தாண்டுகிறது. அதில் நின்று கீழே மண்நிறத்தில் போகும் தண்ணீரைப் பார்த்தபடி அழகையா துரைராஜாவைப் பற்றிக் கேட்டேன். வடமராட்சிக்காரர். கேம்பிரிட்ஜில் ரோஸ்கோ, ஷோஃபீல்டு இருவரோடு சேர்ந்து களிமண் எப்போது, எப்படி நெகிழும் என்பது பற்றி 1963-இல் எழுதிய கட்டுரை இன்றும் மண்ணியல் பொறியாளர்களுக்கு அடிப்படை. இங்கே பொறியியல் கற்பித்துப் பீடாதிபதியானவர், போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். உலகம் கூப்பிட்டபோதும் ஊரோடு இருந்தவர் என்று அந்த மாணவர் பெருமையாகச் சொன்னார்.

சாயங்காலம் குறிஞ்சிக் குமரன் கோவிலுக்கு ஏறினோம். வளாகத்துக்குள்ளேயே ஒரு குன்று, காட்டுக்குள் படிக்கட்டு. செந்நிறக் குரங்குகள் படியின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பையைப் பார்க்கின்றன. மேலே சிறிய கோவில். வெள்ளிக்கிழமையானதால் மாணவர்களே பூ கட்டி, விளக்கேற்றி, பஜனை பாடினார்கள். மருத்துவம், கால்நடை, விவசாயம், கலை எனப் பலதுறைப் பிள்ளைகள். யாழ்ப்பாணம், வவுனியா, மலையகம், திருகோணமலை என்று பல வட்டாரப் பேச்சு. குறிஞ்சிக்கு முருகன் என்று வகுப்பில் முப்பது வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். குறிஞ்சியில் நின்று அந்தச் சொல்லைக் கேட்டது அன்றுதான். எங்கள் பக்கம் வேளிமலைக் குமாரகோவிலில் வள்ளி திருமணம் நடந்ததாகச் சொல்வார்கள்; இவர்கள் கதிர்காமத்தைச் சொல்கிறார்கள். அந்த வழக்கை நாங்கள் படியிறங்கும்வரை அன்பாக நடத்தினோம்.

சுண்டல் தந்த ஒரு பெண்பிள்ளை ஹந்தானைத் தோட்டத்தில் பிறந்தவள். எங்கே ஊர் என்று கேட்டாள். களியக்காவிளை என்றேன். அவளுடைய பாட்டியின் தங்கை குடும்பத்தார் கன்னியாகுமரியில் ரப்பர் தோட்டத்துக்குப் போனார்கள் என்றாள். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணிப் பிரித்தார்களே, அதில் வந்தவர்கள். கீரிப்பாறை, சிற்றாறு அரசு ரப்பர் தோட்டங்களில் வேலை செய்யும் தாயகம் திரும்பியோர் வீட்டுப் பிள்ளைகள் என் வகுப்பில் படித்திருக்கிறார்கள். அவர்கள் ‘கண்டி’ என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் தணியும். ஏன் என்று நான் அப்போது கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும். அந்தப் பிள்ளை தன் பாட்டியின் தங்கை பெயரையும் அவர்கள் குடியிருந்த லயத்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதித் தந்தாள். அது இப்போது என் பணப்பையில் இருக்கிறது.

மறுநாள் காலை தூறலோடு திறந்தவெளி அரங்குக்குப் போனோம். இதற்காகத்தான் நான் வந்தது.

மலைச்சரிவில் இயற்கையாகவே ஒரு பள்ளம். அரைவட்டமாகப் படிப்படியாக இருக்கைகள், இடையில் புல், அடியில் மேடை, மேடைக்குப் பின்னால் மரங்கள். கூரை இல்லை. மாணவர்கள் ‘வள’ என்கிறார்கள், சிங்களத்தில் குழி. இப்போது எதிரிவீர சரச்சந்திரவின் பெயர் அதற்கு. அவருடைய ‘மனமே’ நாடகம் கொழும்பில் முதன்முதலாக மேடையேறியது 1956 நவம்பர் 3. அந்தத் தேதியைப் படித்த அன்றைக்குத் திடுக்கிட்டேன். அதற்கு இரண்டு நாள் முன்னால், நவம்பர் 1-இல்தான் எங்கள் நாலு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. களியக்காவிளை எல்லை ஊரானது அன்றுதான். அந்த வருடம்தான் இலங்கையில் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. மொழிகளுக்கு நடுவே எங்கும் கோடு போட்டுக்கொண்டிருந்த அந்த வருடத்தில் சரச்சந்திர என்ன செய்தார்? சிங்கள நாட்டார் மரபில் ‘நாடகம’ என்று ஒன்று இருந்தது. கத்தோலிக்கர் வழியே தமிழ்க் கூத்திலிருந்து வந்த ஆட்டம் அது. பெயரே சொல்லும். படித்தவர்கள் தள்ளிவைத்த அந்த ஆட்டத்தைத் தேடி, அம்பலாங்கொடையிலிருந்து பழைய குரு ஒருவரை அழைத்துவந்து, அதன் பாட்டையும் நடையையும் கொண்டு புதிய நாடகம் செய்தார். 1961-இல் ‘சிங்கபாகு’ இந்தப் பள்ளத்திலேயே ஆடப்பட்டது.

அதே காலத்தில், அதே வளாகத்தில், நான் நூலகத்தில் படித்த அந்தப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தமிழ்க் கூத்தைத் தேடி மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும் போய்க்கொண்டிருந்தார். ஊர் வட்டக்களரியில் இராத்திரி முழுக்க ஆடும் கூத்தை ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கினார். நாற்புறமும் சனம் சூழ்ந்த களத்தை ஒருபக்கம் பார்க்கும் மேடைக்கு மாற்றினார். அண்ணாவியாரை வரவழைத்து, சட்டையும் காற்சட்டையும் போட்டுப் பழகிய மாணவர்களின் காலில் சதங்கை கட்டினார். ‘கர்ணன் போர்’ 1962-இல். ‘நொண்டி நாடகம்’ அடுத்த வருடம். அதன்பின் ‘இராவணேசன்’, ‘வாலிவதை’. அவரிடம் மாணவராக ஆடிய சி. மௌனகுரு பிற்காலத்தில் கூத்தின் பெரிய ஆய்வாளரானார். வயல்வரம்பில் ஆடுகிறவனின் கலை என்று ஒதுக்கப்பட்டது, பேராசிரியர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கும் கலையானது. எங்கள் வடக்கன்குளத்தில் 1940களில் பாடம் நடத்தித் தமிழ் கற்ற தனிநாயகம் அடிகளும் 1952 முதல் 1961 வரை இங்கேதான் விரிவுரையாளர். இந்தச் சரிவில் எந்த மழைக்கு ஒதுங்கியிருப்பார் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

இத்தனை அழகுக்கும் நடுவே நடந்ததை மறைக்கிற உரிமை எனக்கில்லை. 1983 மே மாதம், ஜூலை இனக்கலவரத்துக்கு இரண்டு மாதம் முன்பே, தமிழ் மாணவர்கள் இந்த வளாகத்தில் தாக்கப்பட்டு விடுதிகளை விட்டு ஓட நேர்ந்தது. 1989-இல், சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட நாட்களில், அல்விஸ் பெயர் கொண்ட குளத்தைச் சுற்றித் துண்டிக்கப்பட்ட மனிதத் தலைகள் வைக்கப்பட்டிருந்தன. அந்தக் குளத்தை முந்தின நாள் தாண்டிப் போனோம். தாமரை இலையில் மழை விழுந்துகொண்டிருந்தது. மாணவர் அங்கே மட்டும் பேச்சை நிறுத்தினார், நானும் நிறுத்தினேன்.

மேடையில் நாலைந்து சிங்கள மாணவர்கள் எதற்கோ ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கழுத்தில் மத்தளம். அதன் தொப்பிப் பக்கம் விழுந்த அடி சரிவில் ஏறி வந்து நாங்கள் உட்கார்ந்திருந்த கல்லில் அதிர்ந்தது. என் கூட இருந்தவருக்குக் கால் நிலைகொள்ளவில்லை. அவருடைய தாத்தா அண்ணாவியாராம். எங்கட ஊர்ல கூத்துப் பழக்கிறது லேசில்ல டீச்சர் என்று தொடங்கி, சட்டங்கொடுத்தல், சதங்கை கட்டுதல், அரங்கேற்றம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சட்டங்கொடுக்கும் நாளில் யாருக்கு எந்த வேஷம் என்று முடிவாகும்; ராசா வேஷம் கிடைக்காதவன் மூன்று நாள் சோறு தின்னமாட்டானாம். பிறகு மாதக்கணக்கில் இரவுப் பழக்கம். வடமோடிக்கு ஒரு நடை, தென்மோடிக்கு ஒரு நடை. எழுந்து நின்று இரண்டையும் ஈரப்புல்லில் ஆடிக் காட்டினார். வடமோடியில் குதிகால் மண்ணை அறைந்தது. தென்மோடியில் அதே கால் மண்ணைக் கேட்டுக் கேட்டு வைத்தது. கீழே மத்தளம் வாசித்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஆட்டத்துக்குத் தகுந்தபடி அடியை மாற்றிக் கொடுத்தார். இருவருக்கும் அறிமுகம் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார்.

“உங்கட ஊர்ல கூத்து இருக்கா டீச்சர்?”

தேவசகாயம் பிள்ளையைச் சொன்னேன். தலைவிளக்கையும் ரப்பர் விளையையும் அப்பாவின் பாதி வரியையும் சொன்னேன். படியுங்க, கேப்பம் என்றார். பாடுவதை அவர்கள் படிப்பது என்கிறார்கள். அறுபது வயதில், அந்தப் பள்ளத்தில், யார் முன்னாலும் பாடியிராத நான் அந்த மெட்டை எடுத்தேன். இரண்டு அடி வரை வந்தது. பிறகு வார்த்தை இல்லை, ராகத்தை மட்டும் இழுத்தேன், அப்பா இழுத்ததுபோலவே. அவர் கண்ணை மூடிக்கொண்டு கல்லின்மேல் விரலால் தாளத்தைத் தேடினார். முதல் தடவை பிசகியது. இரண்டாவது தடவை சரியாக விழுந்தது. மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே அப்பா வைக்கும் எட்டு அதில் இருந்தது. நாலு எட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி நாலு.

அவர் கைபேசியை எடுத்து எங்களுக்கு நடுவே கல்லில் வைத்தார்.

“முதல்ல இருந்து படியுங்க டீச்சர்.”

தூறல் விட்டிருந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு முதலிலிருந்து தொடங்கினேன்.